தொப்புளைச் சுற்றி 14 ஊசி: ஒரு பூனைக் கீறலில் இருந்து குன்னூர் வரை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோட் வரலை. என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ஒரு பூனை.

எங்க வீடு கோரிப்பாளையத்துல, தர்காவுக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்கு. கறிக்கடை, மீன்கடை, பிரியாணிக்கடைன்னு எல்லாம் பக்கத்துலயே இருக்கிறதால பூனைக்குப் பஞ்சமே இல்லை. லீவுக்கு அக்கா வந்திருந்தா. அவ பையனுக்கு ஏழு வயசு. மாடிப்படிக்குக் கீழே வந்து படுத்திருந்த ஒரு பூனையோட அவன் சிநேகம் ஆயிட்டான்.

ஞாயித்துக்கிழமை அவனைக் குளிப்பாட்டும்போது அக்கா பாத்திருக்கா. முழங்கைக்குக் கீழே மூணு கோடு, காஞ்சு போய் இருந்துச்சு. கேட்டா முதல்ல செவுத்துல உரசிடுச்சுன்னான். அப்புறம் அழுதுக்கிட்டே உண்மையைச் சொன்னான். புதன்கிழமையே பூனை பிராண்டி ரத்தம் வந்திருக்கு. நாலு நாளா முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சிருக்கான்.

ஏன்டா சொல்லலைன்னு கேட்டதுக்கு அவன் சொன்ன பதில்தான் இன்னைக்கு எபிசோட். "அம்மாச்சி சொல்லிருக்காங்க மாமா, பூனை, நாய்கிட்ட போனா தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு."

எங்க அம்மா அதைப் பயமுறுத்தச் சொன்னது உண்மைதான். ஆனா பொய் சொல்லலை. அவங்க சின்ன வயசுல தெருவுல ஒருத்தருக்கு அப்படிப் போட்டதைக் கண்ணால பாத்திருக்காங்க. பிரச்சினை என்னன்னா, அந்த ஊசி இந்தியாவுல நின்னு 20 வருஷம் ஆச்சு. ஊசி போயிடுச்சு, பயம் போகலை. அந்தப் பயம் ஒரு குழந்தையை நாலு நாள் வாயைத் திறக்க விடலை. அந்த ஊசி எங்கேருந்து வந்துச்சு, ஏன் வயித்துல, ஏன் அத்தனை, எப்படிப் போச்சுங்கிற கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். அதுல பெரும்பகுதி நம்ம குன்னூர்ல நடந்தது.

ஒரு கீறல்ல என்ன வரும்?

முதல்ல இதைத் தெளிவு பண்ணிடலாம். பூனை பிராண்டினா ரெண்டு விஷயம் வர வாய்ப்பிருக்கு.

ஒண்ணுக்குப் பேரே பூனைக் கீறல் நோய். 1950ல பாரிஸ்ல ராபர்ட் டெப்ரே என்கிற குழந்தை மருத்துவரும் அவரோட குழுவும் இதைத் தனி நோயா விவரிச்சாங்க. பிராண்டின இடத்துல ஒரு சின்னக் கொப்புளம், சில வாரத்துல அக்குள்லயோ கழுத்துலயோ நெறி கட்டும், காய்ச்சல் வரலாம். எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்க 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல வேற ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளின்னு முடிவு பண்ணி, 1992 வாக்குலதான் சரியான ஆளைப் பிடிச்சாங்க. இன்னைக்கு அதோட பேர் பார்ட்டோனெல்லா ஹென்செலே. பூனைகளுக்குள்ள இதைப் பரப்புறது தெள்ளுப்பூச்சி. நம்ம ஊர்ல கழுத்துல நெறி கட்டினா டாக்டருக்கு முதல்ல வர்ற சந்தேகம் டிபி, அது நியாயமும்கூட. அதனால பூனை பிராண்டியிருந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லிடுங்க. பெரும்பாலானவங்களுக்கு இது தானாவே சரியாயிடும்.

ரெண்டாவது ரேபீஸ். இது தானா சரியாகாது. அறிகுறி தொடங்கிடுச்சுன்னா அநேகமா மரணம்தான். உலகத்துல மனுஷங்களுக்கு வர்ற ரேபீஸ்ல 99 சதவீதம் வரை நாயாலதான் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா வெறிநாய் கடிச்ச பூனைக்கும் ரேபீஸ் வரும். கிருமி எச்சில்ல இருக்கும். பூனை எப்பவும் நகத்தை நக்கிக்கிட்டே இருக்கிற பிராணி. கீறலையும் கடி மாதிரியே எடுத்துக்கணும்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நாம இதுக்கு "நாய்க்கடி ஊசி"ன்னு பேர் வச்சதுல ஒரு சிக்கல் இருக்கு. பேர்ல நாய் இருக்கிறதால, பூனை பிராண்டினா மஞ்சளை அப்பிட்டுப் போயிடுறோம்.

இந்த வைரஸ்ல நமக்குச் சாதகமான ஒரே விஷயம் அதோட வேகம். அது ரத்தத்துல ஓடாது. காயத்துல இருந்து நரம்பு வழியா மெதுவா மூளைக்கு ஏறும். பொதுவா ரெண்டு மூணு மாசம் ஆகலாம், சில சமயம் ஒரு வாரத்துலகூட வரலாம். அது மூளைக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி உடம்புக்கு எதிர்ப்பு சக்தியைக் கத்துக் கொடுத்துட்டா ஆள் பிழைச்சுக்கலாம். கடிச்சதுக்கு அப்புறம் போடுற தடுப்பூசி வேலை செய்றது இதனாலதான்.

பாரிஸ், கசௌலி, அப்புறம் மதுரை

இதை முதல்ல மனுஷங்ககிட்ட செஞ்சு காட்டினவர் லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6ஆம் தேதி, அல்சாஸ் பகுதியில இருந்து ஜோசப் மெய்ஸ்டர்னு ஒன்பது வயசுப் பையனை அவங்க அம்மா கூட்டிட்டு வந்தாங்க. உடம்புல பல இடத்துல வெறிநாய் கடிச்சிருந்துச்சு. ரேபீஸ் வந்த முயலோட தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில தொங்கவிட்டுக் காய வைப்பாங்க. நாள் ஆக ஆக கிருமியோட வீரியம் குறையும். அதிகம் காஞ்சதுல தொடங்கி, நாளுக்கு நாள் புதுசானதா ஏத்திக்கிட்டே போகணும். பத்துப் பதினொரு நாள்ல 13 ஊசி. பையன் பிழைச்சுட்டான்.

ஒரு சாஃப்ட்வேர் ஆளா என் கண்ணுல பட்டது, இந்த முறையை வேற ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியாதுங்கிறதுதான். தினம் ஒரு வயசுள்ள தண்டுவடம் கையில இருக்கணும். அதுக்கு முயல், ஆய்வகம், பழகின ஆள் எல்லாம் வேணும். அதனால மருந்து நோயாளிகிட்ட வராது, நோயாளிதான் மருந்துகிட்ட போகணும். இந்தியாவுல இருந்தும் வசதி உள்ளவங்களும் பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்தவங்களும் பாரிஸுக்கே கப்பல் ஏறினாங்க.

1900ல இமயமலை அடிவாரத்துல, சிம்லாவுக்குப் போற வழியில இருக்கிற கசௌலியில இந்தியாவோட முதல் பாஸ்டர் நிலையம் வந்துச்சு. பொறுப்பு டேவிட் செம்பிள் என்கிற ராணுவ மருத்துவர்கிட்ட. வட இந்தியாவுக்கு அது பெரிய விஷயம். மதுரைக்காரனுக்கு?

1902ல கோரிப்பாளையத்துல ஒரு பையனை வெறிநாய் கடிச்சிருந்தா என்ன செய்யணும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். வைகையைத் தாண்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் இருந்துச்சு, 1889ல கட்டினது. மதுரைக்கு ரயில் 1875லயே வந்தாச்சு. மதுரையில ஏறி மெட்ராஸ், அங்கிருந்து மாறி மாறி டெல்லி, அம்பாலா, கால்கா. அதோட தண்டவாளம் முடிஞ்சிடும், சிம்லா மலை ரயிலே 1903ல தான் வந்துச்சு. கால்காவுல இருந்து மலை ஏறணும். மொத்தம் 2,500 கிலோமீட்டருக்கு மேல. எப்படிப் பாத்தாலும் நாலஞ்சு நாளுக்குக் குறையாது. மொழி தெரியாது. அங்கே போய் ரெண்டு வாரம் தங்கணும். ஒரு கூலித் தொழிலாளி வீட்டுல இதை யோசிச்சுக்கூடப் பாத்திருக்க முடியாது. பச்சிலை, மந்திரிச்ச கயிறு, சூடு போடுறது, அவ்வளவுதான். நாம அதை மூடநம்பிக்கைன்னு சுலபமா சொல்லிடுறோம். மருந்து 2,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அவங்களுக்கு வேற என்ன வழி இருந்துச்சு?

குன்னூர் வந்த கதை

அதே 1902ல தென்னிந்தியாவுல லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்கிற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடிச்சு இறந்துபோனாங்க. இங்கே கிட்டத்துல சிகிச்சை இல்லைங்கிறது ஒரு ஆங்கிலேயக் குடும்பத்துக்கே நடந்தபோதுதான் அரசாங்கத்துக்கு உறைச்சுது. அவங்களுக்கு முன்னாடி எத்தனையோ தமிழ், தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள்ல இதே சாவு விழுந்திருக்கும். அவங்க பேர் எதுவும் இந்தக் கதையில இல்லை. லில்லியோட பேர் மட்டும் இருக்கு. இதை அந்தப் பொண்ணு மேல குறையாச் சொல்லலை, வரலாறு யாரைக் குறிச்சு வைக்குதுங்கிறதுக்காகச் சொல்றேன்.

பணம் வந்த வழி இன்னும் சுவாரசியம். அமெரிக்காவோட பிட்ஸ்பர்க்ல ஆண்ட்ரூ கார்னகியோட எஃகுத் தொழில்ல பங்குதாரரா இருந்தவர் ஹென்றி ஃபிப்ஸ். அவர் இந்தியாவுல நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தச் சொல்லி வைஸ்ராய் கர்சன்கிட்ட ஒரு பெரிய தொகை கொடுத்தார். அதுல ஒரு பகுதி பீகார்ல புசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போச்சு. இன்னொரு பகுதிதான் குன்னூருக்கு. பிட்ஸ்பர்க் இரும்புல சம்பாதிச்ச காசுல நீலகிரியில நாய்க்கடி ஆஸ்பத்திரி.

1907 ஏப்ரல்ல தென்னிந்திய பாஸ்டர் நிலையம் குன்னூர்ல வேலையைத் தொடங்குச்சு. முதல் இயக்குநர் மேஜர் கார்ன்வால். சிம்ஸ் பூங்காவுக்குப் போனவங்க பக்கத்துல அந்தப் பழைய கட்டடத்தைப் பாத்திருப்பீங்க. 1918ல ராபர்ட் மெக்கரிசன் அங்கே ஒரே ஒரு அறையில பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினதுதான் பின்னாடி வளர்ந்து, ஹைதராபாத்ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு. அது தனி எபிசோடுக்கான கதை.

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899லயே வந்தாச்சு. இப்போ நம்ம 1902 பையனோட கணக்கைத் திரும்பப் போடுங்க. மதுரை, திருச்சி, ஈரோடு, மேட்டுப்பாளையம், குன்னூர். முழுக்க ரயில்லயே போயிடலாம். ஆனா இன்னமும் ஆள்தான் போகணும், அங்கேயே தங்கணும்.

மருந்து பயணம் போக ஆரம்பிச்சது

இங்கேதான் செம்பிள் திரும்ப வர்றார். கசௌலிக்கு வர்றதுக்கு முன்னாடி, இங்கிலாந்துல அல்ம்ரோத் ரைட் கூடச் சேர்ந்து டைபாய்டு தடுப்பூசியில வேலை பாத்தவர். அங்கே செத்த கிருமியை வச்சுத் தடுப்பூசி செஞ்சாங்க. அதே யோசனையை ரேபீஸ்ல போட்டார். கிருமி ஏறின மூளைத் திசுவைக் கரைச்சு, அதுல ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்க வச்சார். 1911ல அந்த முறையை வெளியிட்டார்.

பாஸ்டரோட தண்டுவடம் மாதிரி இதுக்குத் தினமும் புதுசு தேவையில்லை. பாட்டில்ல அடைக்கலாம், எடுத்து வைக்கலாம், பார்சல்ல அனுப்பலாம். மெல்ல மெல்ல மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கே குன்னூர்ல இருந்து மருந்து போக ஆரம்பிச்சுது. எங்க துறையில ஒரு விஷயத்தைச் சரியா எழுதுறது பாதி வேலை, அதை எல்லார் மெஷின்லயும் ஓட வைக்கிறதுதான் மீதிப் பாதி. செம்பிள் செஞ்சது அந்த மீதிப் பாதி. பாஸ்டர் பேர் தெரிஞ்ச அளவுக்கு அவர் பேர் நமக்குத் தெரியாது. ஆனா நம்ம தாத்தா பாட்டி காலத்துல நாய்க்கடியில பிழைச்சவங்க பெரும்பாலும் அவரோட மருந்தாலதான் பிழைச்சாங்க.

அந்த மருந்துதான் தொப்புளைச் சுத்திப் போட்ட ஊசி.

ஏன் வயித்துல? ஒவ்வொரு வேளையும் போட வேண்டிய அளவு அதிகம், 2 மில்லியில இருந்து 5 மில்லி வரை. தோலுக்கு அடியில அவ்வளவு மருந்து கொள்ற இடம் வயிறுதான். ஏன் அத்தனை நாள்? வீரியம் குறைவுங்கிறதால, காயத்தைப் பொறுத்து 7 நாள்ல இருந்து 14 நாள் வரை தினமும் போட்டாங்க. தினமும் ஒரே இடத்துல போட முடியாது, அதனால தொப்புளைச் சுத்தி இடம் மாத்தி மாத்தி. எங்க அம்மா பாத்தது அதைத்தான்.

வலியைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருந்துச்சு. மருந்து தயாரானது ஆட்டு மூளையில. நரம்பைச் சுத்தி வயர் மேல இருக்கிற உறை மாதிரி மயலின்னு ஒரு பொருள் உண்டு. ஆட்டோட மயலினும் ஊசி வழியா உள்ளே போகும். சிலரோட உடம்பு அதை எதிரியா நினைச்சு, தன்னோட சொந்த நரம்பையே தாக்க ஆரம்பிச்சிடும். பக்கவாதம் மாதிரி வரும், சிலர் இறந்தும் போனாங்க. ரொம்பப் பேருக்கு இல்லை. ஆனா கடிச்ச நாய்க்கு ரேபீஸ் இருந்துச்சான்னே தெரியாம ஊசி போட்டு, அந்த ஊசியாலயே கை கால் விழுந்தவங்களோட குடும்பத்துக்கு இது சின்ன எண்ணிக்கை கிடையாது. நாய்க்கடி ஊசி மேல நம்ம ஊர்ல இருந்த பயம் வெறும் கற்பனை இல்லை. அதுக்குக் காரணம் இருந்துச்சு.

போகாம நின்ன பழசு

அதுக்கு மாற்று வரலையா? வந்துச்சு. மூளைத் திசு இல்லாம, கண்ணாடிப் பாத்திரத்துல வளர்க்கிற செல்கள்ல வைரஸை வளர்த்து எடுக்கிற தடுப்பூசி 1970கள்லயே வந்துடுச்சு. ஈரான்ல வெறி பிடிச்ச நாயும் ஓநாயும் கடிச்ச 45 பேருக்கு அதைக் கொடுத்துப் பாத்தாங்க. 1976ல வெளிவந்த முடிவுல 45 பேருமே பிழைச்சிருந்தாங்க. ஆட்டு மூளை மருந்தை நிறுத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 1980கள்லயே சொல்லிடுச்சு.

இந்தியா நிறுத்துனது 2004 கடைசியில.

நடுவுல 20 வருஷம் ஏன் போச்சு? புது ஊசி விலை அதிகம். கையில காசு இருந்தவங்க வெளியில வாங்கிக் கையில போட்டுக்கிட்டாங்க. இல்லாதவங்க அரசு ஆஸ்பத்திரியில வயித்தைக் காட்டினாங்க. கம்பெனிகள்ல பழைய சிஸ்டத்தை ஏன் இன்னும் ஓட்டுறீங்கன்னு கேட்டா, "ஓடுதுல்ல?"ன்னு ஒரு பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்றவர் பெரும்பாலும் அந்த சிஸ்டத்தைத் தானே பயன்படுத்துறவரா இருக்க மாட்டார்.

குன்னூரும் மாறுச்சு. 2000களோட தொடக்கத்துல ஆட்டு மூளையை விட்டுட்டு வீரோ செல்லுக்குப் போனாங்க. 1962ல ஜப்பான்ல ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கோட சிறுநீரகத்துல இருந்து எடுத்து, இன்னைக்கு வரை பெருக்கிக்கிட்டே இருக்கிற செல் வகை அது. எஸ்பெராந்தோ மொழியில பச்சைச் சிறுநீரகத்துக்கான சொற்களைச் சுருக்கி அந்தப் பேர் வச்சாங்க. அதே மொழியில வீரோன்னா உண்மைன்னும் அர்த்தம்.

விலைப் பிரச்சினையைத் தீர்த்தது பாங்காக். தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்க மருத்துவர்கள் மருந்தைத் தசையில போடாம, தோலுக்குள்ளேயே 0.1 மில்லி மட்டும் போட்டாங்க. தோல்ல எதிர்ப்பு சக்தியோட காவல் செல்கள் அதிகம், அதனால கொஞ்சம் போதும். ஒருத்தருக்கு ஒரு வேளைக்குச் செலவான ஒரு பாட்டில், இப்போ பல பேருக்கு வரும். இந்தியா இந்த முறைக்கு 2006ல அனுமதி கொடுத்துச்சு. பாங்காக்ல அந்த நிலையம் உருவானதும் ஒரு சாவாலதான். இளவரசர் தாம்ரோங்கோட மகள் ரேபீஸ்ல இறந்ததுக்கு அப்புறம் தொடங்கினது அது. அங்கேயும் பேர் தெரிஞ்ச ஒரு பொண்ணு.

திரும்ப கோரிப்பாளையம்

ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். முதல்ல குழாய்க்கு அடியில கையைப் பிடிச்சு, சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவினோம். நாலு நாள் ஆச்சே, இப்போ கழுவி என்னன்னு கேட்டா, தாமதமானாலும் செய்யணும்னுதான் சொல்றாங்க. ஊசியும் அப்படித்தான். நாள் கழிச்சு வந்தீங்கன்னு விட மாட்டாங்க, அறிகுறி வராத வரை நேரம் இருக்கு.

அங்கேருந்து பனகல் சாலையில ராஜாஜி ஆஸ்பத்திரி. மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் பேர்ல எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னு முன்னாடி சொன்ன இடம்தான். எங்க பாட்டி கடைசி வரை எஸ்கின் ஆஸ்பத்திரின்னுதான் சொன்னாங்க. நடந்தே பத்து நிமிஷம். 1902ல 2,500 கிலோமீட்டர்.

டாக்டர் கையைப் பாத்தார். பூனை எங்கேன்னு கேட்டார். வியாழக்கிழமையில இருந்து அதைக் காணோம். இருந்திருந்தா பத்து நாள் கவனிச்சிருக்கலாம், அப்பவும் ஊசியை உடனே தொடங்கியிருக்கணும். ரத்தம் வந்த கீறல்ங்கிறதால மூணாவது வகை. அதாவது தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துலயே இம்யூனோகுளோபுலின் போடணும். அது ரெடிமேட் எதிர்ப்பு சக்தி. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்குற வரைக்கும் அது வாசல்ல நிக்கும். ரத்தம் வராத லேசான கீறலா இருந்தா தடுப்பூசி மட்டும்.

பையன் சட்டையை வயித்தோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னான். நர்ஸம்மா சிரிச்சுட்டு, "வயித்தை நீயே வச்சுக்கடா தங்கம், கையை மட்டும் கொடு"ன்னாங்க. காயத்துல போட்டது வலிச்சுது, நல்லாவே அழுதான். தடுப்பூசி ரெண்டு தோள்லயும் ஒரு சின்னக் குத்து, அம்மை ஊசி மாதிரி ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான். இனிமே 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். மொத்தம் நாலு வேளை. நான் இதைப் பதிவு பண்ற நேரத்துல மூணு முடிஞ்சிருக்கு. கடைசி தேதியை ஃபோன்ல அலாரமா வச்சிருக்கோம். மூணோட நிறுத்திடுறவங்க நிறைய பேர்னு டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் எங்க அம்மாகிட்ட இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். ஆட்டு மூளை, செம்பிள், குன்னூர் எல்லாம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப அந்த மாரியம்மன் கோயில் தெரு ஆளுக்குக் கால் விழுந்தது அந்த ஊசியாலதானா"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலைம்மான்னேன். அவரைப் பத்தி அம்மா அதுவரை சொன்னதே இல்லை.

உங்ககிட்ட ஒரு வேலை கொடுக்கிறேன். இன்னைக்கு வீட்டுல இருக்கிற குழந்தைங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. நாயோ பூனையோ கடிச்சாலும் பிராண்டினாலும் உடனே வந்து சொல்லணும், திட்ட மாட்டோம். ஊசி தோள்ல தான், வயித்துல இல்லை. முதல்ல பெரியவங்ககிட்டச் சொல்லுங்க, பயமுறுத்துறது அவங்கதான்.

அடுத்த வாரம் மெக்கரிசனோட குன்னூர் அறைக்குள்ள போவோம். பூனை எதுவும் குறுக்கே வராம இருந்தா, சொன்ன நாள்ல எபிசோட் வரும்.